பிஆர் கார்டைப் புதுப்பிப்பதா, நேரே குடியுரிமைக்குப் போவதா?

கனடாவின் நிரந்தரவாச அட்டையான பிஆர் கார்ட் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதில் அச்சிட்ட தேதி கார்டுக்கான தேதிதான், உங்கள் நிரந்தரவாச உரிமைக்கானது அல்ல. தேதி தாண்டிய மறுநாளும் நீங்கள் பிஆர்தான். வேலை பார்க்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், வேலைக்கும் வரிக்குமான சின் எண்ணும் அப்படியே இருக்கும். பிஆர் உரிமை தானாகக் கரைந்து போவதில்லை. அதிகாரி ஒருவர் முறைப்படி முடிவெடுத்து, மேல்முறையீட்டுக்கான காலமும் கழிந்திருக்க வேண்டும். அல்லது நீங்களே விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அகதியாக வந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வழியிலும் அது போகும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம், தவறாமல் படியுங்கள்.

அப்படியானால் காலாவதியான கார்டால் என்னதான் சிக்கல்? வெளிநாடு போய்விட்டுத் திரும்பி வருவதுதான். விமானமோ ரயிலோ பஸ்ஸோ கப்பலோ, கட்டணம் வாங்கி ஆள் ஏற்றும் எதுவானாலும் கனடாவுக்கு ஏறும்போது செல்லுபடியாகும் பிஆர் கார்டைக் கேட்பார்கள். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்தே பிஆர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50 டாலர், பெரும்பாலும் ஒருமுறை நுழைவதற்கு மட்டும். அதைத் தருவதற்கு முன் கனடாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கணக்குக் கேட்பார்கள். சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்துகொண்டு வாடகை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் தேடுவது சுகமான வேலையல்ல. சொந்தக் காரில் அமெரிக்க எல்லை வழியாக வந்தால் கார்ட் இல்லாமலும் உள்ளே விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு அதற்கு முதலில் அமெரிக்க விசா வேண்டும். அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆகவே கார்டில் உள்ள தேதியைப் பார்த்துப் பதறாமல், உங்கள் நாள் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

நாள் கணக்கு

இங்கே இரண்டு வேறு வேறு கணக்குகள் இருக்கின்றன. பிஆர் உரிமையைக் காப்பாற்ற, கடந்த ஐந்து ஆண்டில் 730 நாள். குடியுரிமைக்கு, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டில் 1,095 நாள். இரண்டிலும் நீங்கள் கிளம்பிய நாளும் திரும்பி வந்த நாளும் கனடாவில் இருந்த நாளாகவே சேரும். டிசம்பர் 10 கிளம்பி ஜனவரி 20 திரும்பினால், இல்லாத நாட்கள் டிசம்பர் 11 முதல் ஜனவரி 19 வரை, ஆக 40.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கனடா தன் பிஆர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது அபூர்வம். அதனால் எல்லோரும் இந்திய, இலங்கை முத்திரையைப் பார்த்துத் தேதி போடுகிறார்கள். டொராண்டோவில் 10ஆம் தேதி இரவு ஏறியவருக்குச் சென்னையிலோ கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலோ 12ஆம் தேதி முத்திரை விழும். அவர் 12 என்று எழுதினால் இல்லாத நாளில் இரண்டு குறைந்துவிடும். அரசிடம் விமானப் பயணிகள் வெளியேறும் தகவல் 2020 முதல் பதிவாகிறது. உங்கள் தேதியும் அவர்கள் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் கேள்விப் படிவம் வரும், கோப்பு மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே டிக்கெட் உறுதி மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்துத் தேதி போடுங்கள். பழைய மின்னஞ்சல் கிடைக்காதவர்கள் எல்லைச் சேவை முகமையான சிபிஎஸ்ஏவிடம் தங்கள் பயண வரலாற்று அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

அமெரிக்காவின் பஃபலோவுக்குச் சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பினால் இல்லாத நாள் பூஜ்யம். ஆனாலும் அந்தப் பயணத்தைப் பட்டியலில் எழுதுங்கள். கணக்கு மாறாது, மறைத்தீர்கள் என்ற பேச்சும் வராது.

குடியுரிமைக் கணக்கில் மட்டும் ஒரு சலுகை உண்டு. பிஆர் ஆகும் முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ அகதிப் பாதுகாப்புப் பெற்றவராகவோ இங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாள் வரை. 2021 செப்டம்பரில் மாணவராக வந்து, 2023 செப்டம்பரில் பிஆர் ஆனவர் எங்கும் போகாமல் இருந்தால், முதல் இரண்டு ஆண்டு 365 ஆகும். பிஆர் ஆன பிறகு 730 நாள் போதும், 2025 செப்டம்பரிலேயே தகுதி வந்துவிடும். ஆனால் கணக்கில் வரும் ஐந்தாண்டுக் காலம் நகர்ந்துகொண்டே இருக்கும். தள்ளிப் போடப் போட மாணவக் காலத்து நாட்கள் பின்னால் விழுந்துகொண்டிருக்கும். நடுவில் நீண்ட காலம் ஊரில் இருந்தவருக்கு, தாமதித்ததனாலேயே தகுதி கைநழுவுவதும் உண்டு.

730 கணக்கில் வேறொரு சலுகை இருக்கிறது. கனடியக் குடிமகனான கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் வாழ்ந்த நாட்கள், கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்கு வெளியே அனுப்பிய நாட்கள் ஆகியவை பிஆர் கணக்கில் சேரும். குடியுரிமைக் கணக்கில் அவை சேராது, அரசு ஊழியர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர. துபாயில் குடிமகனான கணவரோடு நான்காண்டு இருந்தவர் பிஆர் கார்டைப் புதுப்பித்துக்கொள்ளலாம், குடியுரிமைக்குப் போக முடியாது. இது ஏன் என்று வருடந்தோறும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரணம் இரண்டும் இரண்டு சட்டம் என்பதுதான்.

எது யாருக்கு

1,095 நாளைத் தாண்டியாயிற்று, அடுத்த ஓராண்டில் வெளியே போகும் எண்ணமும் இல்லையென்றால் கார்டை விட்டுவிடுங்கள், குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்குச் செல்லுபடியாகும் கார்ட் தேவையில்லை. நிரந்தரவாச உறுதிப் பத்திரம் என்னும் சிஓபிஆர், அல்லது பழைய காலத்து வந்திறங்கிய பதிவு இருந்தால் போதும்.

1,095 இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எந்நேரமும் ஊருக்கு ஓட வேண்டியிருக்கும் என்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் போடுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. கார்டுக்கான 50 டாலர் கட்டணத்துக்கு அந்த நிம்மதி மலிவு.

730க்கும் 1,095க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கார்டைப் புதுப்பித்துக்கொண்டு நாளைச் சேருங்கள்.

730க்குக் கீழே இருப்பவர்கள் இரண்டையும் தொடாதீர்கள். கார்ட் புதுப்பிக்கும் விண்ணப்பம் என்பது உங்கள் நாள் கணக்கைப் பரிசோதிக்கச் சொல்லி நீங்களே அழைப்பது. கணக்கு குறைந்தால் உரிமையையே விசாரிக்கத் தொடங்குவார்கள். வெளியே போகாமல் இங்கேயே தங்கி, பின்னோக்கிய ஐந்தாண்டில் 730 நிறைந்த பிறகு விண்ணப்பிப்பதுதான் பழக்கமான வழி. ஏற்கனவே எல்லையில் நாள் குறைவு என்று அறிக்கை எழுதப்பட்டு வெளியேற்ற உத்தரவு கையில் வந்துவிட்டதென்றால் மேல்முறையீட்டுக்கு 30 நாள். வெளிநாட்டில் பயண ஆவணம் மறுக்கப்பட்டால் 60 நாள். அந்த நாட்களை வழக்கறிஞரைத் தேடுவதிலேயே கழித்துவிடாதீர்கள்.

அகதியாக வந்து பிஆர் ஆனவர்கள்

இலங்கைத் தமிழர்கள் பலருக்கு இந்த முழு விஷயத்திலும் பெரியது இதுதான். அகதிப் பாதுகாப்புப் பெற்றுப் பிஆர் ஆனவர், பிறகு இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலோ அதைக் கொண்டு இலங்கை போனாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று அரசு வாதிடலாம். 2012 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த வாதம் வென்றால் அகதித் தகுதியோடு பிஆர் உரிமையும் சேர்ந்தே போகிறது. வழக்கமான குடிவரவு மேல்முறையீட்டு வழியும் இல்லை. பெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்பது மட்டும்தான் மிச்சம். எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தீர்கள், எத்தனை வீடு வாங்கினீர்கள் என்பது இதைத் தடுக்காது.

இது வெளிச்சத்துக்கு வரும் இடங்களில் ஒன்று பிஆர் கார்ட் விண்ணப்பம். பயணப் பட்டியலில் ‘இலங்கை, 35 நாள்’ என்று எழுதி, கூடவே புதிதாக எடுத்த இலங்கைப் பாஸ்போர்ட்டின் நகலையும் இணைத்து அனுப்புகிறார்கள். குடியுரிமை விண்ணப்பமும் அதே கேள்வியைக் கேட்கும். நடவடிக்கை தொடங்கிவிட்டால் குடியுரிமைக் கோப்பையும் நிறுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே நீங்கள் இந்தப் பிரிவில் வருபவராக இருந்து ஊருக்குப் போய்வந்தும் இருந்தால், எந்தப் படிவத்தையும் நிரப்பும் முன் அகதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பயணத்தை எழுதாமல் விடுவது தீர்வல்ல, பொய்த் தகவல் தந்தது தனிக் குற்றமாகிவிடும்.

இதுவரை போகாதவர்களுக்கு: பயணத்துக்குக் கனடா வழங்கும் அகதிப் பயண ஆவணத்தைப் பயன்படுத்துங்கள், இலங்கைப் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். 1,095 நாள் நிறைந்ததும் குடியுரிமைக்குப் போங்கள். குடிமகன் ஆனவர்மேல் இந்த வழியில் கை வைக்க முடியாது. கார்டை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே காலம் தள்ளுபவர்களில் இந்தப் பிரிவினர் இருக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. குடும்ப ஸ்பான்சரில் வந்தவர்களுக்கும் தொழில்திறன் பிரிவில் வந்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

கார்ட் புதுப்பிக்கும் முறை

காலாவதிக்கு 9 மாதத்துக்குள் வந்ததும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் அனுப்பினால் திரும்பி வரும். நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும், கார்ட் கனடிய முகவரிக்கு மட்டுமே வரும். நிரந்தரவாச இணையத் தளத்தில் கணக்குத் திறந்து ஐஎம்எம் 5444 படிவத்தை நிரப்புங்கள், 5644 என்ற சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியும் வேலையும் ஐந்தாண்டுக்கு மாத இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். வேலை இல்லாத மாதங்களுக்கு ‘வேலையில்லை’ என்றே எழுதுங்கள். இரண்டு மாதம் வெறுமையாக விட்டாலே படிவம் திரும்பும். இணைக்க வேண்டியவை: பழைய கார்டின் நகல், பாஸ்போர்ட் நகல், கனடாவில் வாழ்ந்ததற்கான சான்று. சான்றுக்கு வருமானவரி மதிப்பீட்டு அறிவிப்பு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள் போன்றவை போதும். ஐந்தாண்டில் 1,095 நாளோ அதற்கு மேலோ வெளியே இருந்திருந்தால், எந்த விதிவிலக்கின்கீழ் வருகிறீர்கள் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும்.

புகைப்படத்தில் கவனம் வேண்டும். 50க்கு 70 மில்லிமீட்டர், தாடையிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மில்லிமீட்டர். ஆறு மாதத்துக்குள் எடுத்தது. பின்புறம் ஸ்டூடியோவின் பெயர், முகவரி, எடுத்த தேதி இருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் போட்டுப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அவசரமாக வேண்டுமென்றால், உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ கடும் நோய், இறப்பு, வேலைக் காரணம் போன்றவற்றுக்குத் துரித வழி உண்டு. காரணத்துக்கான ஆதாரத்தோடு, தேதி போட்ட டிக்கெட்டும் இணைக்க வேண்டும். தங்கை கல்யாணத்தை அவசரமாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

கார்ட் அனுப்பிவிட்டதாகத் தகவல் வந்து தபாலில் வரவில்லை என்றால் 180 நாளுக்குள் தெரிவியுங்கள். தாண்டினால் மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அடுக்குமாடியில் வீடு மாறுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முறை

முதலில் அரசுத் தளத்தின் இருப்பு நாள் கணிப்பானில் எல்லாப் பயணத்தையும் ஏற்றுங்கள். 1,095 என்று காட்டியதும் அன்றே அனுப்பிவிடாதீர்கள். குறைந்தது பத்துப் பதினைந்து நாளாவது கூடுதலாக இருக்கட்டும். ஒரு பயணத்தில் ஒரு நாள் தவறிக் கணக்கு 1,094 ஆனால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. கணிப்பானின் முடிவில் உள்ள தேதியும் நீங்கள் கையெழுத்திடும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டால் அந்தக் கணக்கு செல்லாது, மறுபடி போடுங்கள்.

வரி: ஐந்தாண்டில் குறைந்தது மூன்று ஆண்டுக்குக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும், சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டியவராக இருந்தால்.

மொழி: 18 முதல் 54 வயதுவரை உள்ளவர்கள் பேச்சிலும் கேட்டலிலும் கனடிய மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 4ஆம் நிலையைக் காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்றால் கேட்டலில் 4.5, பேச்சில் 4. பிஆருக்காக எழுதிய பழைய மதிப்பெண் தாள் காலாவதியாகியிருந்தாலும் குடியுரிமைக்கு ஏற்பார்கள், புதிதாகப் பணம் கட்டி எழுத வேண்டாம். ஆங்கில வழியில் பள்ளியோ கல்லூரியோ முடித்திருந்தால் அந்தச் சான்றும் போதும். அந்தப் படிப்பு ஆங்கில வழி என்று ஆவணத்திலேயே தெரிய வேண்டும், தமிழ்நாட்டுக் கல்லூரிச் சான்றிதழ் பலவற்றில் அந்த வரி இருக்காது. அப்போது பயிற்றுமொழிச் சான்றைக் கல்லூரியிலிருந்து தனியாக வரவழைக்க வேண்டும்.

காவல்துறைச் சான்று: கடந்த நான்காண்டில் வேறு நாடு ஒன்றில் தொடர்ச்சியாக 183 நாளோ அதற்கு மேலோ இருந்தவருக்கு மட்டும்.

பாஸ்போர்ட்: ஐந்தாண்டில் கையில் இருந்த எல்லாமும். பழையது முடிந்து புதியது வர நடுவில் நான்கு மாதம் ஆனதென்றால் அந்த இடைவெளிக்கு விளக்கம் எழுதுங்கள்.

பெயரில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தவருக்கு, கனடிய ஆவணத்தில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, முதல் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். அப்பா பெயரை நீங்களாக எடுத்துக் குடும்பப் பெயராக்கினால் பெயர் பொருந்தவில்லை என்று கோப்பு நிற்கும். மாற்ற விரும்பினால் மாகாணத்தில் சட்டப்படிப் பெயர் மாற்றி, அந்தச் சான்றோடு விண்ணப்பியுங்கள்.

கட்டணம் 2025 மார்ச் 31 நிலவரப்படி பெரியவருக்கு 649.75 டாலராக இருந்தது: 530 பரிசீலனைக்கு, மீதி குடியுரிமை உரிமைக் கட்டணம். அந்த மீதித் தொகையை ஆண்டுதோறும் திருத்துவார்கள், கட்டும் அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் 100 டாலர். பிள்ளைகள் பிஆராக இருந்து, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ உடன் விண்ணப்பிப்பவராகவோ இருந்தால் அவர்களுக்கு 1,095 நாள் விதி கிடையாது.

தேர்வும் 18 முதல் 54 வரைதான். 20 கேள்வி, 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. இணையத்தில், கேமரா முன்னால். எல்லாக் கேள்வியும் ‘டிஸ்கவர் கனடா’ என்ற அரசின் இலவச நூலிலிருந்தே வரும். மூன்று வாய்ப்புத் தருவார்கள். இதற்குக் காசு கொடுத்து வகுப்புப் போவது அவரவர் விருப்பம், எங்களுக்கு அவசியமாகத் தெரியவில்லை.

விண்ணப்பம் நடக்கும்போது வெளிநாடு போகத் தடையில்லை. ஆனால் பிஆர் கணக்கின் 730 குறையக் கூடாது, உறுதிமொழி எடுக்கும் நாளில் கனடாவுக்குள் இருக்க வேண்டும். தேர்வு அழைப்பும் உறுதிமொழி அழைப்பும் மின்னஞ்சலில்தான் வரும், ஸ்பாம் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

உறுதிமொழிக்குப் பின்

ஸூமில் நடக்கும் விழாவென்றால் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிஆர் கார்டைக் கேமரா முன் பிடித்து இரண்டாக வெட்ட வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து கார்டும் இல்லை, கனடியப் பாஸ்போர்ட் இன்னும் வரவுமில்லை. சான்றிதழ் வந்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, கைக்கு வரும்வரை எங்கும் பறக்க முடியாது. விழா தேதி வந்த சந்தோஷத்தில் அடுத்த வாரத்துக்கு ஊர் டிக்கெட் போடுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். முன்பே போட்ட பயணம் இருந்தால் விழாவைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதுங்கள்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை போய்விடும், அதற்குப் பின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்கினால்தான், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கான விண்ணப்பம் நகரும். ஓசிஐ வரும்வரை ஊருக்குப் போக இந்திய விசா வேண்டும். ஓசிஐயில் ஓட்டுரிமை இல்லை, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வருவதற்குத் தடையில்லை. ஊரில் நஞ்சை நிலம் வாங்கும் யோசனை இருப்பவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையரும் கனடியக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமையை இழப்பார்கள், ஆனால் அங்கே இரட்டைக் குடியுரிமைக்கு வழியுண்டு. உறுதிமொழிக்கு முன்பே தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம், பிறகு திரும்பப் பெறவும் விண்ணப்பிக்கலாம். இரண்டும் கொழும்பில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கையில். அகதியாக வந்தவர்கள் உறுதிமொழி முடிந்து கனடியக் குடிமகன் ஆகும்வரை அந்தத் திணைக்களத்துக்கு எந்த விண்ணப்பமும் அனுப்பக் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.